புள்ளி போன பதிவுகள்: ராயபுரத்தில் ஒரு சர்வர் மாற்றம்

பழைய சர்வரில் 614 பதிவுகள், புதிய சர்வரிலும் 614. 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை இரவு ஐயாவின் வலைத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றி, இந்த இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று நம்பிப் படுக்கப் போனேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஐயா போன் செய்தார்.

"இன்னாப்பா, என் புள்ளியெல்லாம் எங்க போச்சு?"

ஐயா எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் எடுத்தவர். மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ராயபுரம் கல்மண்டபம் பக்கம் இருக்கிறார். 2006 முதல் தன் வலைத்தளத்தில் வடசென்னையைப் பற்றி எழுதி வருகிறார். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சுட்டதில் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தது, 1996-இல் மூடிய பி அண்டு சி மில் என்று ஊருக்குத் தெரிந்த விஷயங்களும் அதில் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் காசிமேட்டுப் பெரியவர்கள் வாய்விட்டுப் பேசியதை அவர் நோட்டில் எழுதி, பிறகு தட்டச்சு செய்து ஏற்றியவை. காற்றின் பெயர்கள், மீனின் பெயர்கள், வலை முடியும் விதம், ஏலம் விடும்போது போடும் சத்தம். பேசியவர்களில் பலர் இன்று இல்லை. நோட்டுகள் 2015 டிசம்பர் மழையில் நனைந்து கூழாகிவிட்டன. ஆக, அந்தச் சர்வரில் இருந்ததுதான் ஒரே பிரதி. இதை நான் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். வேலையைத் தொட்ட பிறகுதான் கேட்டேன்.

மாற்ற வேண்டிய கட்டாயம் எளிமையானது. பழைய சர்வரில் இடம் கொடுத்த நிறுவனம், பிஎச்பி என்ற நிரல்மொழியின் பழைய 5.6 பதிப்பு ஓடும் அந்த இயந்திரத்தை டிசம்பர் 31-உடன் நிறுத்துவதாக நவம்பர் தொடக்கத்தில் மெயில் அனுப்பியது. பிஎச்பி 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2018 கடைசியோடு நின்றுவிட்டது, அதனால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐயா என்னிடம் வந்தார். இரண்டு நாள் வேலை என்று சொன்னேன்.

முதல் முயற்சி

பதிவுகள் இருக்கும் டேட்டாபேஸை வழக்கம்போல டம்ப், அதாவது முழு நகல், எடுத்தேன், புதிய சர்வரில் ஏற்றினேன், தளத்தைத் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி, மறுபடி அதே ஏ, அதே ஆர். பக்கம் முழுக்க இப்படியே.

இந்தக் குப்பையைப் பார்த்தவுடன் பயப்படத் தேவையில்லை. அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. யூனிகோடு தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் (0 முதல் 255 வரையிலான எண்கள்) எடுத்துக்கொள்ளும். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எந்த எழுத்து என்று சொல்லும். 'அ' என்றால் 224, 174, 133. இதே மூன்று பைட்டையும், மைசீக்வல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு வைத்திருக்கும் லேட்டின்-1 அட்டவணையை வைத்துப் படித்தால், 224 சாய்கோடு போட்ட ஏ ஆகும், 174 வட்டத்துக்குள் ஆர் ஆகும், 133 மூன்று சிறு புள்ளி ஆகும். 'ம' என்ற எழுத்துக்கு வட்ட ஆர் இரண்டு தடவை வரும். எழுத்து அழியவில்லை, தப்பான கண்ணாடி போட்டுப் படிக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தத் தப்பான கண்ணாடி எங்கிருந்து வந்தது? ஐயா தொடங்கிய 2006-இல் இருந்த வேர்ட்பிரஸ் (தளத்தை நடத்தும் மென்பொருள்), டேட்டாபேஸிடம் எந்த எழுத்து முறையில் பேசுவது என்று சொல்லவே சொல்லாது. அதற்கான வரி அமைப்புக் கோப்பில் வந்தது 2007 மே மாதம் வெளியான 2.2 பதிப்பில்தான். சொல்லாவிட்டால் அன்றைய மைசீக்வல் லேட்டின்-1 என்றே எடுத்துக்கொள்ளும். மைசீக்வல் ஸ்வீடனில் பிறந்தது. அதன் பழைய இயல்பு வரிசைமுறைக்குப் பெயரே லேட்டின்-1 ஸ்வீடிஷ். ஆக ஐயாவின் தமிழ், ஸ்வீடன் மொழி என்ற முத்திரையோடு 17 வருஷம் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. போடும்போதும் லேட்டின்-1, எடுக்கும்போதும் லேட்டின்-1 என்பதால் பைட் எதுவும் மாறாமல் உள்ளே போய் வெளியே வந்தது. கடிதத்தில் என்ன மொழி என்று தெரியாத போஸ்ட்மேனும் கடிதத்தைச் சரியாகச் சேர்ப்பதில்லையா, அதுபோல. 2015-இல் வந்த வேர்ட்பிரஸ் 4.2 பல தளங்களின் அட்டவணைகளைத் தானே புதிய முறைக்கு மாற்றிக் கொடுத்தது. ஆனால் ஏற்கெனவே யூடிஎஃப்-8 என்று குறித்திருந்த அட்டவணைகளை மட்டும்தான். லேட்டின்-1 என்று இருந்தவற்றை அது தொடவில்லை.

நான் டம்ப் எடுத்தபோது அந்த நிரல், 'இது லேட்டின்-1, யூடிஎஃப்-8 ஆக மாற்றித் தருகிறேன்' என்று நல்லெண்ணத்தோடு ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணி மாற்றிவிட்டது. மூன்று பைட்டில் இருந்த தமிழ் எழுத்து ஆறு, ஏழு பைட் ஆனது. டம்ப் 37 எம்பி வந்தது. பழைய சர்வரின் பக்கத்தில் டேட்டாபேஸ் 18 எம்பி என்றுதான் காட்டியது. இரண்டு மடங்கு வித்தியாசம். அப்போதே கேள்வி கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

இதுவரை நடந்தது எதுவும் பெரிய ஆபத்தில்லை. அடுத்து நான் செய்ததுதான் ஆபத்து.

குப்பையைத் திருப்பி மாற்றினால் தமிழ் வந்துவிடும் என்று பைத்தான் என்ற நிரல்மொழியில் நான்கு வரி நிரல் எழுதினேன். விண்டோஸ்-1252 என்ற அட்டவணையை வைத்து ஒவ்வொரு குறியையும் பழைய பைட்டாக ஆக்கு, பிறகு மொத்தத்தையும் யூடிஎஃப்-8 ஆகப் படி. ஓட்டினேன், பிழை என்று நின்றது. எங்கோ ஒரு குறி அட்டவணையில் இல்லையாம். மணி நள்ளிரவைத் தாண்டியிருந்தது. 'தெரியாததை விட்டுவிட்டு மேலே போ' என்ற அமைப்பைச் சேர்த்தேன். ஓடி முடிந்தது. தமிழ் வந்தது. எண்ணிக்கையும் 614 சரியாக இருந்தது.

எழுத்துகளில் புள்ளி தெரியவில்லை என்பதை அன்று இரவே பார்த்தேன். தளத்தின் தோற்றத்துக்குப் புதிய தீம், புதிய ஃபாண்ட். ஃபாண்டில் புள்ளி சரியாக விழவில்லை போலிருக்கிறது, காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தளத்தின் பெயரான டொமைனையும் புதிய சர்வருக்குத் திருப்பிவிட்டேன்.

ஐந்து ஓட்டைகள்

மைசீக்வல் லேட்டின்-1 என்று சொல்வதும் விண்டோஸ்-1252 என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த 'ஏறக்குறைய'வில்தான் மாட்டிக்கொண்டோம். விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. மைசீக்வல் அந்த ஐந்தையும் ஏதோ ஒரு கட்டுப்பாட்டுக் குறி என்று வைத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தரும். பைத்தானின் அட்டவணையில் அவை இல்லவே இல்லை.

இந்த ஐந்தில் எது எது தமிழில் வருகிறது என்று தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 224, 175, 141 என்பது புள்ளி. 224, 175, 129 என்பது உகரக் குறி, அதாவது கு, சு, டு, து, பு, மு எல்லாவற்றிலும் வரும் அந்தக் குறி. 224, 174, 143 என்பது 'ஏ'. 224, 174, 144 என்பது 'ஐ'. நான்கும் தொலைந்தன. மூன்றாவது பைட் இல்லாத எழுத்தை யூடிஎஃப்-8 ஏற்காது, எனவே மீதி இரண்டு பைட்டையும் என் நிரல் 'விட்டுவிட்டு மேலே' போயிருக்கிறது. கேள்விக்குறியோ கட்டமோ போட்டிருந்தால்கூட இழப்பு கண்ணில் பட்டிருக்கும். தடமே இல்லாமல் போய்விட்டது.

ராயபுரம் 'ராயபரம' ஆனது. காசிமேடு 'காசிமேட'. வண்ணாரப்பேட்டை 'வணணாரபபேடடை'. ஏலம் 'லம'. ஐஸ் பெட்டி 'ஸ பெடடி'. கொண்டல் காற்று 'கொணடல காறற'. புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படிப்பதுபோல இருந்தது என்று ஐயா சொன்னார். சுவடியில் புள்ளி மட்டும்தான் இருக்காது, உகரமாவது இருக்கும் என்றும் சொன்னார்.

டொமைனைப் பழைய சர்வருக்கே திருப்பினேன். அதற்கும் ஒரு நாள் ஆனது. பெயரைத் தேடும் மற்ற இயந்திரங்கள் பழைய விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதற்கு ஒரு கெடு உண்டு. எங்களுடையது 86,400 விநாடி, அதாவது முழுசாக 24 மணி நேரம். அதை முன்கூட்டியே 300 விநாடியாகக் குறைத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் பழையபடி ஆகியிருக்கும். திங்கட்கிழமை முழுக்க யார் வந்தாலும் புள்ளியில்லாத தமிழைத்தான் படித்தார்கள். ஐயாவுக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும், வகுப்பில் ஒற்று மிகாததற்கு நோட்டைத் திருப்பிக் கொடுப்பவர் அவர்.

கடைக்கு வந்த நண்பர் ஒருவர், சொல் திருத்தி போட்டுப் புள்ளியைத் திரும்ப வைத்துவிடலாமே என்றார். நல்ல யோசனைபோலத்தான் தெரியும். 'வணணாரபபேடடை' என்பதை எந்த நிரலும் சரியாக்கிவிடும். ஆனால் ஐயாவின் பதிவு ஒன்றில் ஒரு வரி இப்படி இருந்தது: "திண்ணையில் உட்கார்ந்து வலை முடிந்தார்." முடிச்சுப் போட்டு வலை செய்ததைச் சொல்கிறார். புள்ளியும் உகரமும் போனதும் அது "திணணையில உடகாரநத வலை மடிநதார" என்று நின்றது. இதற்குப் புள்ளி வைக்கும் நிரல் 'மடிந்தார்' என்றுதான் எழுதும். திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் இறந்துபோய்விடுவார். குடிக்கும் கடிக்கும், புலிக்கும் பலிக்கும், முடிக்கும் மடிக்கும் வித்தியாசம் அந்த ஒரு குறிதான். மீன் பெயரும் காற்றுப் பெயரும் ஆட்களின் பட்டப்பெயரும் அகராதியில் இல்லாதவை, அவற்றை ஊகிக்க எந்த நிரலுக்கும் வழியில்லை. ஊகித்து எழுதினால் அது அந்தப் பெரியவர்கள் பேசியதாக இருக்காது. மூலத்திலிருந்து மறுபடி எடுப்பது ஒன்றுதான் வழி என்று முடிவு செய்தோம். நல்லவேளை, பழைய சர்வரில் நான் எதையும் அழிக்கவில்லை. அன்றிரவு நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

இரண்டாம் முயற்சிக்கு முன்னால் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 4 அன்று கடைக்குள் தண்ணீர். தரையில் இருந்த சிபியு நனைந்தது, கரண்ட் வர நாலு நாள் ஆனது. அதில்தான் தளத்தின் படங்களை இறக்கி வைத்திருந்தேன். பதிவுகளின் டம்ப் ஒன்று புதிய சர்வரில் இருந்தது, இன்னொன்று பென்டிரைவில் ஐயா வீட்டு மாடியில் இருந்தது. அந்த நாலு நாளும் நான் அதை நினைத்தே ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முயற்சி

டிசம்பர் 9, சனிக்கிழமை. இந்த முறை எதையும் என் கடை வழியாகக் கொண்டுபோகவில்லை, சர்வரிலிருந்து நேரே சர்வருக்கு. இரண்டு நாள் முன்னாலேயே அந்த 86,400-ஐ 300 ஆக்கியிருந்தேன். ஐயாவிடம், "இரண்டு நாளைக்கு எதுவும் ஏற்றாதீங்க ஐயா, நோட்டில் எழுதி வையுங்க" என்று சொல்லியிருந்தேன்.

டம்ப் எடுக்கும்போது, 'நீ லேட்டின்-1 என்றே எடுத்துக்கொள், எதையும் மாற்றாதே' என்று கட்டளையிலேயே எழுத்து முறையைக் குறிப்பிட்டேன். எழுத்து முறையை அறிவிக்கும் வரியையும் டம்பில் எழுதாமல் இருக்கச் சொன்னேன். 18 எம்பி வந்தது. கோப்பைத் திறந்தால் தமிழ் தமிழாகவே இருந்தது, புள்ளியோடு. பிறகு அட்டவணை அமைக்கும் வரிகளில் மட்டும் லேட்டின்-1 என்ற முத்திரையை யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தினேன். அதாவது உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தப்பான சீட்டை மட்டும் மாற்றினேன். தமிழுக்கு மூன்று பைட் போதும் என்றாலும், எமோஜிகளுக்கு நான்கு பைட் வேண்டும். மைசீக்வலின் பழைய யூடிஎஃப்8 மூன்று பைட்டோடு நின்றுவிடும், அதனால்தான் எம்பி4. புதிய சர்வரில் அதே முறையில் பேசச் சொல்லி ஏற்றினேன், வேர்ட்பிரஸ் அமைப்புக் கோப்பிலும் அந்த வரியைச் சேர்த்தேன்.

டொமைனைத் திருப்புவதற்கு முன்னால், என் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் புதிய சர்வரின் எண்ணைப் போட்டேன். உலகத்துக்குப் பழையது, எனக்கு மட்டும் புதியது. அப்படி வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் சரிபார்த்தோம்.

614 என்ற எண்ணை இந்த முறை நான் நம்பவில்லை. புள்ளிகளை எண்ணினேன். பழைய டேட்டாபேஸில் ஒவ்வொரு பதிவிலும் எத்தனை புள்ளி, எத்தனை உகரக் குறி, எத்தனை ஏ, எத்தனை ஐ என்று ஒரு பட்டியல், புதியதில் அதே பட்டியல். இரண்டையும் வைத்து ஒப்பிட்டேன். மீன் ஏலம் பற்றிய பதிவில் மட்டும் 1,046 புள்ளிகள், இரண்டு பக்கமும் 1,046. ஒரு பதிவில்கூட வித்தியாசம் வரவில்லை.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. பதிவின் முகவரியில் வரும் தமிழை வேர்ட்பிரஸ் நேராகச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு ஆங்கில எழுத்துகளோ எண்களோ சேர்ந்த வடிவத்தில் வைக்கும். மூன்று பைட் எழுத்துக்கு ஒன்பது இடம். மொத்தம் 200 இடம்தான், எனவே தமிழ்த் தலைப்பில் முதல் 22 குறியீடுகளுக்கு மேல் முகவரியில் நிற்காது. இதுநாள்வரை இதை ஒரு குறையாகவே பார்த்தேன். ஆனால் வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருப்பதால் எந்த எழுத்து முறை மாற்றமும் அதைத் தீண்டாது. என் முதல் முயற்சியில் உள்ளே எல்லாம் சிதைந்தபோதும் முகவரிகள் பத்திரமாகவே இருந்தன. எனவே ஒவ்வொரு முகவரியையும் தமிழாக விரித்து, தலைப்பின் தொடக்கத்தோடு ஒப்பிட்டேன். 11 பொருந்தவில்லை. பதற்றத்தோடு பார்த்தால், பதிவேற்றிய பிறகு ஐயா தாமே தலைப்பை மாற்றியவை அவை.

படங்களில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது, அது எழுதி வைக்க வேண்டிய சிக்கல். நவம்பரில் படங்களைப் பழைய மேக் லேப்டாப் ஒன்றின் வழியாகத்தான் புதிய சர்வருக்கு ஏற்றியிருந்தேன். ஒன்பது படங்கள் தெரியவில்லை. தோணி, கொடிமரம், பொங்கல் என்று பெயரிட்ட படங்கள். எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருந்தது. பழைய மேக் கோப்பு முறை, 'ோ' என்ற ஒரே குறியை 'ே', 'ா' என்று இரண்டாகப் பிரித்துப் பெயரைச் சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் 'தோணி'தான். லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். நேரடியாகச் சர்வரிலிருந்து மறுபடி எடுத்ததும் ஒன்பதும் வந்துவிட்டன.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய தீம் பிஎச்பி 8-இல் ஓடவில்லை, தூக்கிப்போட்டோம். எச்டிடிபி என்பதை எச்டிடிபிஎஸ் ஆக்க, டம்பில் வெறுமனே தேடி மாற்றக் கூடாது. வேர்ட்பிரஸ் சில அமைப்புகளைச் சொல்லின் நீளத்தோடு சேர்த்து எழுதி வைக்கும், ஓர் எழுத்து கூடினாலும் நீளம் பொருந்தாமல் அந்த அமைப்பு செத்துவிடும். இதற்கென்றே இருக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியை வைத்து மாற்றினேன். டொமைனின் பெயர் சர்வரை மாற்றியபோது, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பை எடுத்துப்போக மறந்துவிட்டேன். ஒன்றரை நாள் ஐயாவுக்கு மெயில் வரவில்லை. அனுப்பும் சர்வர்கள் பொதுவாக நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயலும், எனவே சரி செய்ததும் எல்லாம் தாமதமாக வந்து சேர்ந்தன.

கண்ணால் படித்தது

ஞாயிற்றுக்கிழமை ஐயா வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். லேப்டாப்பில் புதிய தளம். எண்ணிக்கை எல்லாம் பொருந்தியது என்று சொன்னேன். "சரி, நான் படிக்கிறேன்" என்றார். ஏலப் பதிவைத் திறந்து வாய்விட்டே படித்தார். ஐஸ் பெட்டி ஐஸ் பெட்டியாக இருந்தது. கச்சான், கொண்டல், வாடை என்ற காற்றுப் பெயர்கள் மூன்றும் அவர் எழுதியபடியே இருந்தன. திண்ணையில் உட்கார்ந்தவர் வலை முடிந்தார். பாதியில் நிறுத்தினார்.

"தம்பி, இங்க ஒரு பிழை இருக்குதே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து பார்த்தேன். 'வஞ்சிரம்' என்பதில் 'ர' வர வேண்டிய இடத்தில் 'ற' இருந்தது. பழைய சர்வரைத் திறந்தேன். அங்கேயும் 'ற'. கடைசியாகத் திருத்திய தேதி 2009.

"அப்போ இது நான் பண்ணது" என்றார் ஐயா. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு எழுத்தைத் தாமே மாற்றிச் சேமித்தார். அன்று இரவு டொமைனைத் திருப்பினேன். பழைய சர்வர் டிசம்பர் 31 வரை அப்படியே நின்றது. அதற்குள் ஐயா மீதி 613 பதிவையும் ஒன்றுவிடாமல் படித்து முடித்துவிட்டார்.